ஒரே மனை, ரெண்டு மண் டெஸ்ட் ரிப்போர்ட்: மடிப்பாக்கம் பக்கம் நடந்தத எழுதுறேன்

நான் தென்சென்னைல தனியா ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்ணிட்டிருக்கேன், பதினாறு வருஷம் ஆச்சு, ட்ராயிங்ல கடைசில விழுற கையெழுத்து என்னோடதுதான். போன வருஷம் மடிப்பாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டு மனைல ஸ்டில்ட் ப்ளஸ் மூணு மாடி வேலை வந்துச்சு, அந்த ஒரே மனைக்கு ரெண்டு ஏஜென்சி மண் டெஸ்ட் பண்ணாங்க, ரெண்டு பேர் வேலையையும் பக்கத்துல நின்னு பாத்தேன், அதான் இந்த ரிவ்யூ. பேர் ரெண்டுமே போடல. முதல் ஏஜென்சி மேல குறை சொல்றேன், அவங்க தரப்ப சொல்ல அவங்க இங்க இல்ல. ரெண்டாவது ஏஜென்சி பேர மட்டும் போட்டா விளம்பரம் ஆயிடும். நீங்க யார்கிட்ட போனாலும் என்ன கேக்கணும் என்ன பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பிஎஃப் பணம் மொத்தத்தையும் இதுல போடுறார். முதல் ஏஜென்சிய கூட்டிட்டு வந்தது கான்ட்ராக்டர். ஒரு போர் (மண்ண பாக்க தரைல போடற துளை), 9,000 ரூபா, நாலு நாள்ல ரிப்போர்ட். சொன்ன மாதிரியே நாலாவது நாள் வாட்ஸாப்ல பிடிஎஃப் வந்துச்சு, பதினோரு பக்கம், 1.5 மீட்டர் ஆழத்துல சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும், தூணுக்கு தூண் தனித்தனி ஃபுட்டிங் (ஆழமில்லாத அஸ்திவாரம்) போட்டுக்கலாம்னு முடிச்சிருந்தாங்க. ஹெட்மாஸ்டருக்கு சந்தோஷம், கான்ட்ராக்டருக்கு அதவிட சந்தோஷம்.

எனக்கு ரெண்டாவது பக்கத்துலயே நெருடுச்சு. மண்ணு எவ்வளவு கெட்டின்னு சுத்தியல் அடிய எண்ணி சொல்ற N வேல்யூ, ஆழம் போகப் போக 8, 10, 12, 14, 16ன்னு படிக்கட்டு மாதிரி ஏறுது, இந்த ஏரியால மண்ணு அப்படி ஒழுங்கா ஏறி நான் பாத்ததே இல்ல. நிலத்தடி தண்ணி தென்படலன்னு எழுதிருக்கு, பக்கத்து வீட்டு கிணத்த எட்டிப் பாத்தா ஆறடில தண்ணி நிக்குது. ஏழாவது பக்கத்துல வேற ஒரு ஊர் சைட்டோட பேர் அப்படியே இருக்கு, பழைய ரிப்போர்ட்ட திருத்தி அனுப்பிருக்காங்க. கையெழுத்து ஸ்கேன் பண்ணி ஒட்டுனது, யார் போட்டாங்கன்னு பேர் கூட இல்ல. போன் பண்ணி கேட்டேன், "சார் அந்த ஏரியா மண்ணு எங்களுக்கு தெரியும் சார், தைரியமா போடுங்க"ன்னு பதில் வந்துச்சு. அந்த தைரியத்த எழுத்துல குடுங்கன்னு கேட்டேன், அதுக்கப்புறம் போன் எடுக்கல.

ஒரு போர் போட்டதே தப்புன்னு நான் சொல்லல. ஐஎஸ் 1892ன்னு மண் ஆய்வுக்கு இருக்கற இந்திய தரக்குறியீடு, 1979 பதிப்புலயே, சின்ன கட்டடமா இருந்தா நடுவுல ஒரு போர் போதும்னு இடம் குடுத்திருக்கு, ஒரு ஏக்கர் அளவு மனைன்னா நாலு மூலைல நாலு, நடுவுல ஒண்ணு. ஆனா அது மண்ணு ஒரே சீரா இருக்கற இடத்துக்கு. இந்த மனை குளத்தங்கரைய தூத்த இடம்னு தெருவுல இருக்கற பெரியவங்க எல்லாருக்கும் தெரியும், ஏஜென்சி ஒருத்தர்கிட்டயும் கேக்கல.

இதுல எனக்கு என்ன வம்புன்னு கேப்பீங்க. நாளைக்கு வீடு ஒரு பக்கம் இறங்கி சுவர் கிழிஞ்சா, முதல் கேள்வி எந்த மண் ரிப்போர்ட்ட வச்சு டிசைன் பண்ணீங்கன்னுதான் வரும். ரிப்போர்ட் சந்தேகமா இருக்குன்னு தெரிஞ்சே பண்ணிருந்தேன்னா அப்புறம் ரிப்போர்ட் குடுத்தவனோட சேத்து நானும் நிக்கணும். ஒப்பந்தத்த மீறுனதுக்கு நஷ்ட ஈடு 1872 இந்திய ஒப்பந்த சட்டம் 73வது பிரிவுல கேக்கலாம், சொந்த வீடு கட்டுறவர் நுகர்வோர்ங்கறதால சேவை குறைபாடுன்னு கன்ஸ்யூமர் கமிஷனுக்கும் போகலாம், குடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட கமிஷன்லயே போடலாம். உயிர் போச்சுன்னா கதையே வேற, கவனக்குறைவால மரணம்னு கிரிமினல் கேஸ், முன்னாடி ஐபிசி 304ஏ, அதிகபட்சம் ரெண்டு வருஷம், 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 106, அதுல அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை. மௌலிவாக்கத்த எப்படி மறக்கறது, 2014 ஜூன் 28 சாயங்காலம் மழைல பதினோரு மாடி அப்படியே உக்காந்துருச்சு, 61 பேர் செத்தாங்க, நெறைய பேர் அங்கயே தங்கி வேலை பாத்த கூலி ஜனங்க. கட்டுனவங்களோட சேத்து இன்ஜினியர்களும் கைதானாங்க. பக்கத்துல நின்ன இன்னொரு டவர 2016 நவம்பர்ல வெடி வச்சு தரைமட்டமாக்குனப்ப தூரத்துல நின்னு பாத்தவன் நான், அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைல வேளச்சேரில ஆழமா தோண்டுன குழி சரிஞ்சு ரெண்டு பேர் போனதும் இங்கருந்து கூப்பிடு தூரந்தான்.

அதனால ஹெட்மாஸ்டர்கிட்ட நேரா சொல்லிட்டேன், "ஐயா இந்த ரிப்போர்ட்ட வச்சு நான் டிசைன் பண்ண மாட்டேன், வேற மண் டெஸ்ட் பண்ணுங்க, இல்லன்னா வேற இன்ஜினியர பாத்துக்கோங்க." அவருக்கு முகம் வாடிருச்சு, ரெண்டு நாள் யோசிச்சுட்டு, "சரிப்பா, நீயே ஆள சொல்லு"ன்னார்.

இப்ப ரெண்டாவது ஏஜென்சி. முதல் போன்லயே ரேட்ட சொல்லல, கேள்வியா கேட்டாங்க. சர்வே ப்ளான் இருக்கா, எத்தன மாடி, பின்னாடி மாடி ஏத்தற எண்ணம் இருக்கா, பேஸ்மென்ட் உண்டா, பக்கத்து வீட்டு சுவர் எத்தன அடி, அது எத்தன வருஷ வீடு, இந்த மனை முன்னாடி என்னவா இருந்துச்சு, எப்ப தூத்தாங்க, கீழ கரண்டு கேபிளோ குடிநீர் லைனோ போகுதா. இருபது நிமிஷம் பேசிருப்போம். மறுநாள் ஒரு ஆள் வந்து மனைய நடந்து பாத்துட்டு போனார், அதுக்கப்புறந்தான் மூணு போர் போடணும், 54,000 ரூபா, ஜிஎஸ்டி தனின்னு மெயில் வந்துச்சு, கூடவே ஆறு பக்க அக்ரிமெண்ட்.

அக்ரிமெண்ட்ட பாத்ததும் ஹெட்மாஸ்டர் அரண்டுட்டார். "என்னப்பா, வேலையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள தகராறு வந்தா என்னன்னு எழுதிருக்காங்க, இவங்க சரியான ஆளுங்கதானா?"ன்னார். ஒரு சாயங்காலம் முழுக்க அவர் வீட்டு திண்ணைல உக்காந்து வரி வரியா படிச்சோம், அவர் வீட்டம்மாவும் கூட உக்காந்து கேட்டாங்க, நல்ல கேள்வியெல்லாம் அவங்கதான் கேட்டாங்க.

முதல் பக்கம் முழுக்க என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம்னு இருந்துச்சு. எத்தன போர், எவ்வளவு ஆழம், எந்த டெஸ்ட் எந்த தரக்குறியீடு படி, எத்தன சாம்பிள். செய்ய மாட்டோம்னு எழுதுனதுல பின்பக்க காம்பவுண்டு சுவரும் இருந்துச்சு. அந்த சுவருக்கு பின்னாடி மழைநீர் கால்வாய், எட்டு அடி பள்ளம். அம்மா உடனே, "அப்ப அந்த சுவர் விழுந்தா இவங்களுக்கு சம்பந்தமே இல்லையா?"ன்னு கேட்டாங்க. அடுத்த வரிய படிச்சு காட்டுனேன், "கால்வாய் ஓரம் மண் சரியற அபாயம் தெரியுது, அதுக்கு தனியா ஆய்வு பண்ணுங்கன்னு எழுத்து மூலமா தெரியப்படுத்துறோம்"னு இருந்துச்சு. இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவங்க மேல மரியாதை வந்துச்சு. வேலை எல்லைய குறுக்கிக்கிட்டதோட நிக்கல, எல்லைக்கு வெளில கண்ணுல பட்ட ஆபத்தையும் சொல்லிட்டாங்க.

இது எவ்வளவு பெரிய விஷயம்னா, மலேசியால கோலாலம்பூர் பக்கம் ஹைலண்ட் டவர்ஸ்னு மூணு பன்னெண்டு மாடி ப்ளாக், 1993 டிசம்பர் 11 அன்னைக்கு பின்னாடி மலைச்சரிவு சரிஞ்சு ஒரு ப்ளாக் சாஞ்சுருச்சு, 48 பேர் போயிட்டாங்க. மிச்ச ரெண்டு ப்ளாக்ல வீடு வாங்குனவங்க கேஸ் போட்டாங்க. கட்டடம் மட்டுந்தான் என் வேலை, பின்னாடி சரிவுல இருக்கற தடுப்புச்சுவர் என் பொறுப்பு இல்லன்னு இன்ஜினியர் தரப்புல சொன்னத கோர்ட்டு ஏத்துக்கல, உன் கட்டடத்த பாதிக்கற சரிவ நீ பாத்திருக்கணும்னு 2000ல தீர்ப்பு வந்துச்சு, ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் ஆளுக்கு 10 சதவீதம் பொறுப்புன்னு பிரிச்சாங்க. நம்ம கோர்ட்டு தீர்ப்பு இல்லதான், ஆனா மண்ணுல வேலை செய்யற யாரும் படிச்சிருக்க வேண்டிய கேஸ்.

அடுத்தது, இந்த ரிப்போர்ட் இந்த வீட்டுக்காரருக்கு, இந்த கட்டடத்துக்கு மட்டும், மாடி கூட்டுனா செல்லாதுன்னு ஒரு க்ளாஸ். ஹெட்மாஸ்டருக்கு மனசுக்குள்ள நாலாவது மாடி ஆசை இருந்துச்சு, அன்னைக்குதான் வெளில வந்துச்சு, நல்லதா போச்சு, அதையும் சேத்தே லோடு குடுத்தோம். பக்கத்து மனைக்காரங்க வந்து உங்க ரிப்போர்ட்ட குடுங்க நாங்களும் அதையே வச்சுக்கறோம்னு கேப்பாங்க, நம்ம ஊர்ல இது சகஜம், அதுக்கும் இந்த க்ளாஸ் பதில் சொல்லுது.

தகராறு வந்தா கோர்ட்டுக்கு போகாம நடுவர் வச்சு தீத்துக்கணும், சென்னைல ஆர்பிட்ரேஷன்னு ஒண்ணு. ஹெட்மாஸ்டர் பயந்தது இதுக்குத்தான். ஆர்பிட்ரேஷன் க்ளாஸ் இருந்தாலும் நுகர்வோர் கமிஷனுக்கு போற வழி அடைபடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2018ல சொல்லிருச்சு, அத சொன்னதும் சமாதானம் ஆனார்.

நான் சண்டை போட்டது ஒரே க்ளாஸுக்கு. எங்க தப்பால எவ்வளவு நஷ்டம் வந்தாலும் வாங்குன ஃபீஸ் அளவுக்குத்தான் பொறுப்புன்னு போட்டிருந்தாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, 54,000 வாங்கிட்டு ஒரு கோடி வீட்டுக்கு காலம் பூரா ஜவாப்தாரி ஆக முடியாது, ஆனா 54,000ங்கறது ஒரு பைல் (ஆழமா இறக்கற அஸ்திவாரத் தூண்) சரி பண்ணக்கூட பத்தாது. ரெண்டு தடவ போன்ல பேசி, அவங்க ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டி பாலிசில (தொழில்ல நடக்கற தப்புக்கு எடுக்கற இன்சூரன்ஸ்) ஒரு கிளைமுக்கு என்ன வரம்போ அதுவரைக்கும்னு மாத்துனாங்க. பாலிசி காப்பி காட்ட கொஞ்சம் தயங்கி, கடைசில ஆபீஸ்ல வச்சு காட்டுனாங்க. இந்த பாலிசில பாக்க வேண்டியது தேதி. வேலை செஞ்ச அன்னைக்கு பாலிசி இருந்துச்சான்னு மட்டும் பாத்தா பத்தாது, பெரும்பாலும் கிளைம் வர்ற அன்னைக்கு பாலிசி உயிரோட இருக்கணும், எந்த தேதில இருந்து செஞ்ச வேலைக்கு பாலிசி பொருந்தும்னு அதுல போட்டிருக்கோ, வேலை செஞ்ச தேதி அதுக்கு அப்புறமா இருக்கணும். மண்ணு விஷயத்துல விரிசல் நாலஞ்சு வருஷம் கழிச்சுத்தான் வரும், நடுவுல ஒரு வருஷம் ப்ரீமியம் கட்டாம விட்டா போச்சு. நானும் அன்னைக்கு வீட்டுக்கு போய் என் பாலிசிய எடுத்து தேதி பாத்தேன்.

சைட் வேலைக்கு வர்றேன். ட்ரைபாட், வின்ச்சு, அதே பழைய செட்டப்தான், மெஷின்ல பெருசா வித்தியாசம் இல்ல. வித்தியாசம் கூட நின்ன பொண்ணுகிட்ட இருந்துச்சு. ஏஜென்சியோட ஜியோடெக்னிக்கல் இன்ஜினியர், மூணு நாளும் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் போர் பக்கத்துலயே நின்னுச்சு. மண்ணோட கெட்டித்தன்மைய பாக்கற எஸ்பிடி டெஸ்ட்னா 63.5 கிலோ சுத்தியல 75 செமீ உயரத்துல இருந்து விடணும், 45 செமீ இறங்கறதுல முதல் 15 செமீய விட்டுட்டு கடைசி 30 செமீக்கு எத்தன அடின்னு எண்ணணும், அதான் N வேல்யூ. மத்தியானம் கை சோந்து போய் பசங்க உயரத்த கொறச்சு விட ஆரம்பிச்சாங்க, இந்த பொண்ணு ராடுல சாக்பீஸ்ல கோடு போட்டு, "அண்ணே கோடு வரைக்கும் தூக்குங்க, இது கணக்குல வராது, அடுத்த ஆழத்துல மறுபடி எடுப்போம்"னு சண்டை இல்லாம சொல்லுச்சு. எந்த ஆழத்துல என்ன வந்துச்சுன்னு சைட்லயே ஃபீல்டு லாக் எழுதி போர் போட்டவர், அந்த பொண்ணு, நான், மூணு பேரும் கையெழுத்து போட்டோம், ஒவ்வொரு சாம்பிளுக்கும் தேதியோட போட்டோ. தண்ணி மட்டத்த போர் முடிஞ்சதும் ஒரு தடவ, 24 மணி நேரம் கழிச்சு ஒரு தடவ பாத்தாங்க, 1.8 மீட்டர். கோர்ட்டுல நிக்கப் போறது ரிப்போர்ட்டோட அட்டை இல்ல, அழுக்கு கையோட எழுதுன இந்த ஃபீல்டு லாக்தான்.

2.4 மீட்டர்ல கருப்பு களிமண்ணோட ப்ளாஸ்டிக் கவரும் சிப்பி ஓடும் சேந்து வந்துச்சு. அதுவரைக்கும் தூத்த மண்ணு. முதல் ரிப்போர்ட் 1.5 மீட்டர்ல 15 டன் தாங்கும்னு சொன்னது இந்த குப்பை மேலதான். அத கைல வாங்கி பாத்துட்டு ஹெட்மாஸ்டர் ரொம்ப நேரம் பேசல. தெருப்பக்கம் 7.5 மீட்டர்ல சிதைஞ்ச பாறை கிடைச்சுது, கால்வாய் பக்கம் 11 மீட்டர் போக வேண்டியிருந்துச்சு. அறுவது அடி இடைவெளில இவ்வளவு சரிவு, நடுவுல மட்டும் ஒரு போர் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. களிமண்ணு எவ்வளவு உப்பும்னு காட்டற ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸ் 60 சதவீதத்த தாண்டுச்சு, மழைக்கு உப்பி வெயிலுக்கு சுருங்கற மண்ணு.

ரிப்போர்ட்ல எனக்கு ரொம்ப பிடிச்சது, பாத்தது தனி, கணிச்சது தனி, சிபாரிசு தனின்னு பிரிச்சு எழுதுனது. போர் போட்ட மூணு இடத்துல மண்ணு இப்படி, இடைப்பட்ட இடத்துல நாங்க இப்படி இருக்கும்னு நெனைக்கறோம், வேற மாதிரி வந்தா வேலைய நிறுத்திட்டு எங்கள கூப்பிடுங்கன்னு நேரடியா எழுதிருக்காங்க. வழவழன்னு "எல்லாத்துக்கும் நாங்க பொறுப்பல்ல"ன்னு ஒரு பக்கம் அடிச்சு விடற ரிப்போர்ட் நெறைய பாத்திருக்கேன், அது யாரையும் காப்பாத்தாது. இவங்க எது தெரியாதுன்னு குறிப்பா சொல்லி, தெரிஞ்சுக்க வழியும் சொல்லிருக்காங்க, ஒரு சைட் விசிட் ஃபீஸுக்குள்ளயே வருது. பாறைக்குள்ள இறங்கற பைல் ஃபவுண்டேஷன்னு சிபாரிசு, ஃபுட்டிங் போட்டா எவ்வளவு இறங்கும்னு கணக்கும் பக்கத்துலயே, அஸ்திவாரத்துக்கான இந்திய தரக்குறியீடு ஐஎஸ் 1904, களிமண்ணுல தனி ஃபுட்டிங் இறங்கலாம்னு விடற 75 மிமீய விட கூட வருது. கடைசில இன்ஜினியர் பேர், பதிவு எண், மைல போட்ட கையெழுத்து. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019ல பதிவு பெற்ற ஜியோடெக்னிக்கல் இன்ஜினியர்னு தனி வகையே இருக்கு, அந்த பதிவ கேட்டு வாங்குங்க.

இன்னொரு விஷயம் அவங்க சொல்லித்தான் செஞ்சோம். பைல் வேலைக்கு முன்னாடி பக்கத்து வீட்டம்மாகிட்ட அனுமதி கேட்டு, அவங்க வீட்டு விரிசல் எல்லாத்தையும் ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து, ஒரு காப்பி அவங்ககிட்டயும் குடுத்து கையெழுத்து வாங்குனோம். 1882 ஈஸ்மென்ட் சட்டப்படி பக்கத்து நிலத்து மண்ணுக்கு இருக்கற இயற்கையான தாங்கல நாம பிடுங்க முடியாது. மூணாவது பைல் போட்டப்ப அந்தம்மா அழுதுட்டே வந்தாங்க, "தம்பி, என் பூஜை ரூம் சுவர் பொளந்துருச்சு"ன்னு. போட்டோவ எடுத்து பாத்தோம், பூஜை ரூம் விரிசல் பழசு, அதே அகலம், ஆனா சமையக்கட்டு ஜன்னல் மூலைல ஒரு முடி விரிசல் புதுசு. அது நம்மளாலதான்னு ஒத்துக்கிட்டு பூசி பெயிண்ட் அடிச்சு குடுத்தோம், 3,500 ரூபா. போலீஸ் ஸ்டேஷன், வேலைக்கு தடை எதுவும் இல்ல, இப்பவும் அந்தம்மா காபி குடுத்து அனுப்பறாங்க.

குறைகளும் இருக்கு. 12 நாள்னு சொன்ன ரிப்போர்ட் 21 நாள் ஆச்சு, லேப்ல கூட்டம்னாங்க, முன்கூட்டியே ஒரு போன் பண்ணிருக்கலாம், பைல் ரிக்குக்கு குடுத்த அட்வான்ஸ் தேதிய மாத்த வேண்டியதா போச்சு. ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், பணம் குடுக்கறவருக்கு புரியாத ரிப்போர்ட் எதுக்கு, நான் கேட்டப்புறந்தான் தமிழ்ல ஒரு பக்க சுருக்கம் குடுத்தாங்க. சாம்பிள 30 நாள்தான் வைப்போம்னு அக்ரிமெண்ட்ல இருந்துச்சு, ஃபவுண்டேஷன் முடியற வரைக்கும் வைங்கன்னு கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்துச்சு.

செலவு சொல்லிடறேன். ஃபுட்டிங்க விட பைலுக்கு ஆறு லட்சம் கூட ஆச்சு, ஹெட்மாஸ்டர் வீட்டம்மா நகைல கொஞ்சம் அடகுக்கு போச்சு, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. மண் டெஸ்ட்டுக்கு 9,000க்கு பதிலா 54,000. அபார்ட்மெண்ட் கட்டி விக்கறவங்களுக்கு இன்னும் கனம் கூட, ரேரான்னு சொல்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம் 14வது பிரிவுல சாவி குடுத்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டமைப்பு குறை வந்தா 30 நாள்ல இலவசமா சரி பண்ணணும், அப்ப அவங்க திரும்பி என்னையும் மண் டெஸ்ட் ஏஜென்சியையுந்தான் பாப்பாங்க.

முதல் ஏஜென்சிக்கு ஸ்டார் எதுவும் குடுக்க மனசு வரல. ரெண்டாவதுக்கு அஞ்சுக்கு நாலு, தாமதத்துக்கும் அந்த ஃபீஸ் வரம்புக்கும் ஒண்ணு கொறச்சுட்டேன். நீங்க ரிப்போர்ட் வாங்கும்போது மைல கையெழுத்து போட்ட ஹார்டு காப்பி ரெண்டு, ஃபீல்டு லாக் காப்பி, அக்ரிமெண்ட் எல்லாம் சேத்து வாங்கி வீட்டு பத்திரத்தோட வைங்க. கன்ஸ்யூமர் கேஸுக்கு ரெண்டு வருஷம், ஒப்பந்த கேஸுக்கு மூணு வருஷம்னு கெடு இருக்கு, எந்த தேதில இருந்து எண்றதுங்கறதே பெரிய வாதமா வரும், அப்ப தேதி போட்ட பேப்பர்தான் கைல இருக்கணும். அடுத்த வாரம் கீழ்க்கட்டளைல ஒரு சைட், அதே பொண்ணுதான் வருது, இந்த தடவ மூணு நாள் முன்னாடியே பக்கத்து வீட்டு போட்டோ எடுக்க வர்றேன்னு அதுவே போன் பண்ணி சொல்லிருச்சு.